ஆடிப்பெருக்குக்குத் தண்ணீர் வரைந்த கதை

"என்னப்பா இது? காவிரின்னு சொன்னே, நீச்சல் குளம் மாதிரியில்ல இருக்கு!"

கும்பகோணத்திலிருந்து அம்மா போனில் சொன்னது. விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. இங்கே திருப்பூணித்துறையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வருஷா வருஷம் ஆடிப்பெருக்கு கொண்டாடுவோம். காவிரிக்கு இங்கே எங்கே போவது? ஒரு பெரிய பித்தளை அண்டாவில் தண்ணீரை நிரப்பி, மஞ்சள், பூ போட்டு, அதையே காவிரியாக நினைத்துக் கும்பிட்டுவிட்டு, கட்டி வந்த எலுமிச்சை சாதம், புளியோதரையைப் பங்கு போட்டுச் சாப்பிட்டுக் கலைவோம். அதற்கு அழைப்பிதழ் போடுகிற வேலை இந்தத் தடவை அடியேன் தலையில் விழுந்தது. "சார் பேங்க்ல நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடிதானே இருக்கார், அவரே போட்டுடுவார்" என்று யாரோ கொளுத்திப் போட்டுவிட்டார்கள். நாள் பூரா நான் பார்ப்பது நகைக்கடன் கணக்கும் வாராக்கடன் பட்டியலும்தான் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்!

சரி என்று மகளைப் பிடித்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள்தான் இங்க்ஸ்கேப் என்கிற இலவச மென்பொருளை இறக்கிக் கொடுத்தாள். ஒரு நீலச் செவ்வகம். அதன் மேல் விளிம்பை அலை அலையாக வளைத்தாயிற்று. நடுவில் ரெண்டு வெள்ளைக் கோடு. ஓரத்தில் ஒரு படித்துறை. பத்து நிமிஷத்தில் காவிரி ரெடி. அதைப் பார்த்துத்தான் அம்மா அப்படிச் சொன்னார்.

மகளிடம் கேட்டேன், ஏன் இவ்வளவு நீலம் என்று. "எல்லா புக்லயும் ஆறு நீலம்தானே அப்பா. மேப்லயும் நீலம்தான்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் பார்த்த காவிரில தண்ணியே இல்லையே" என்றும் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறந்து, ஜனவரி 28 அன்று மூடுவார்கள். இங்கே பள்ளிக்கூட லீவு ஏப்ரல், மே. ஆக, லீவுக்கு ஊருக்குப் போகிற எங்கள் பிள்ளைகள் பார்க்கிற காவிரி வெறும் மணல். அதில் கிரிக்கெட் ஆடியிருக்கிறார்கள், குளித்ததில்லை. (வளைகுடாவிலிருந்து ஜூலை, ஆகஸ்டில் வருகிற குடும்பங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. அதுவும் நிச்சயமில்லை. 2012, 2016, 2017 வருஷங்களில் செப்டம்பர், அக்டோபரில்தான் மேட்டூரைத் திறந்தார்கள். ஆடி 18 எப்போதோ போய்விட்டிருந்தது.)

அழைப்பிதழை அப்படியே அனுப்ப மனசு வரவில்லை. தண்ணீரை மனுஷன் எப்படியெல்லாம் வரைந்திருக்கிறான் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் தூக்கம் போனதுதான் மிச்சம் என்கிறார் தங்கமணி. மிச்சம் என்னவென்று கீழே எழுதியிருக்கிறேன்.

எகிப்துக்காரர்கள்தான் ரொம்ப சுலபமாக முடித்துவிட்டார்கள். மேலும் கீழும் ஏறி இறங்கும் ஒரு பல்வரிசைக் கோடு. அதை மூன்று தடவை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டால் தண்ணீர். பக்கத்து நாட்டு பினீசியர்களிடமும் தண்ணீர் என்று பெயருள்ள, அலை மாதிரியான ஒரு எழுத்து இருந்தது. அது கிரேக்கத்துக்குப் போய், ரோமுக்குப் போய், கடைசியில் ஆங்கில 'எம்' ஆயிற்று. நாம் தினமும் தட்டச்சு செய்கிற எழுத்துக்குள் அலை இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நம் நாட்டில் சாஞ்சிக்குப் போனால், கிழக்கு வாசலில் ஒரு சிற்பம். பொது ஆண்டுக்கு முன் முதல் நூற்றாண்டு. ஆற்றில் வெள்ளம் வந்து, புத்தர் அதன் நடுவே நடந்த கதை. புத்தரை உருவமாகக் காட்டாத காலம், அதனால் வெள்ளத்தை மட்டும் செதுக்கியிருக்கிறார்கள். நெளி நெளியான இணை கோடுகள், நடுவே மரங்கள், பறவைகள், ஒரு படகு. கல்லுக்கு ஏது நீலம்? கோடு ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கிறது, பார்க்கிறவனுக்கு வெள்ளம் என்று புரிந்துவிடுகிறது.

மாமல்லபுரத்துச் சிற்பி ஒரு படி மேலே போய்விட்டான். 7-ஆம் நூற்றாண்டுப் பெரும்பாறைச் சிற்பம். அர்ஜுனன் தபசா, கங்கை இறங்கியதா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். நான் கங்கைக் கட்சி. பாறையின் நடுவில் இயற்கையாக இருந்த பிளவில் நாகர்களைச் செதுக்கிவிட்டு, தண்ணீரை வரையாமலே விட்டுவிட்டான். பிளவுதான் ஆறு. மேலே தொட்டி கட்டி நிஜத் தண்ணீரையே இறக்கினார்கள் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படியானாலும், பள்ளிக்கூட டூரில் போனபோது நானும் அதைத் தண்ணீராகத்தான் பார்த்தேன்.

இதெல்லாம் தூரத்துச் சங்கதி. கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரிக்குக் கிளம்பினோம். 2024 மார்ச்சில் மெட்ரோ திருப்பூணித்துறை வரை வந்துவிட்டது, எர்ணாகுளம் போய்ப் படகு பிடிப்பது இப்போது சுலபம். படகிலிருந்து மகளைக் காயலைப் பார்க்கச் சொன்னேன். வானம் மூடிக் கிடந்ததால் தண்ணீர் சாம்பல். படகின் நிழல் விழுந்த இடத்தில் கறுப்பு. ஆகாயத்தாமரை மிதந்த இடத்தில் பச்சை. நீலம் எங்கேயும் இல்லை.

மட்டாஞ்சேரி அரண்மனை 1555 வாக்கில் போர்ச்சுக்கீசியர்கள் கொச்சி ராஜாவுக்குக் கட்டிக் கொடுத்தது. 1663-இல் டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் நிலைத்துவிட்டது. ராஜாவின் பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம். கேரளச் சுவரோவியங்களில் பஞ்சவர்ணம் என்று ஒரு கணக்கு உண்டு: மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை. நீலம் அந்தப் பட்டியலில் கிடையாது. அவுரியை அரைத்தாலும் அதைப் பச்சை உண்டாக்கத்தான் சேர்ப்பார்கள். அதனால்தான் நம் காலண்டரில் நீலமாக இருக்கிற ராமனும் விஷ்ணுவும் இந்தச் சுவர்களில் பச்சை. முதலில் கோடு, அப்புறம் வெளிறிய நிறம், மேலே அடர்ந்த நிறம், கடைசியில் மறுபடி கறுப்புக் கோடு. ஓவியம் நிற்பது அந்தக் கோட்டில்தான்.

அங்கே ஒரு பள்ளிகொண்ட விஷ்ணுவும் இருக்கிறார். அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். எங்கள் திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசரும் அனந்தன் குடை பிடிக்க உட்கார்ந்திருப்பவர்தான். பாற்கடல் என்று தனியாக எதுவும் வேண்டாம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நெளிகிற அந்தப் பாம்புச் சுருளே அலை மாதிரி இருக்கிறது என்று எனக்குப் பட்டது. (இது என் சொந்தச் சரக்கு, சிற்ப சாஸ்திரம் தெரிந்தவர்கள் அடிக்க வரவேண்டாம் :-))

அப்படியானால் இந்த நீலம் எப்போது வந்து ஒட்டிக்கொண்டது? ஒரே பதில் கிடையாது. ஆனால் ஒரு பெரிய காரணம் பிரஷ்யன் நீலம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகப் பிறந்த செயற்கைச் சாயம். மலிவு, வெயிலுக்கும் ஓரளவு தாங்கும். அது ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்து, 1831 வாக்கில் ஹொகுசாய் தன் பெரிய அலையை அதில் அச்சிட்டார். டீ கப், டி-ஷர்ட், போன் கவர் என்று இன்றைக்கு எங்கே பார்த்தாலும் இருக்கிறதே, அந்த அலைதான். அதே ஜப்பானில் ரொம்பப் பழைய இன்னொரு அலையும் உண்டு. வட்டத்துக்குள் வட்டம், அதை மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கடல். செய்கைஹா என்று பெயர். கிமோனோ துணியில் எந்த நிறத்தில் போட்டாலும் அது கடல்தான்.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். போட்டோ என்பது குட்டிக் குட்டிக் கட்டங்களின் குவியல். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகப் பல்லிளிக்கும். வெக்டர் படத்தில் கட்டமே இல்லை, "இங்கிருந்து அங்கே, இப்படி வளைந்து போ" என்கிற கட்டளை மட்டும்தான். விசிட்டிங் கார்டில் இருக்கிற அலையை 20 அடி ஃப்ளெக்ஸ் பேனராக்கினாலும் பிசிறு தட்டாது. 90-களில் நம்மூர்த் தெருக்களில் முளைத்த டிடிபி கடைகளில் கோரல் ட்ரா போட்டுக் கல்யாணப் பத்திரிகை அடித்தார்களே, அது இந்த வகை. அடோபி இல்லஸ்ட்ரேட்டர் 1987, கோரல் ட்ரா 1989, நான் உருட்டுகிற இங்க்ஸ்கேப் 2003.

அந்த வளைவு எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அந்தக் காலத்தில் கப்பல் கட்டுகிறவர்கள் மெல்லிய மரப்பட்டையை வளைத்து, அங்கங்கே ஈயக்கட்டி வைத்து அழுத்தி, அதன் ஓரமாகக் கோடு இழுப்பார்கள். அந்தப் பட்டைக்கு ஸ்ப்ளைன் என்று பெயர். தண்ணீரில் போகிற கப்பலுக்காக வளைத்த கோடு! பிறகு கார் கம்பெனிகளுக்கும் அதே தேவை வந்தது. பிரான்சில் சித்ரோவன் கம்பெனியில் பால் தெ காஸ்தெல்ஜோ என்பவர் 1959-இல் இந்த வளைவுக்குக் கணக்கு கண்டுபிடித்தார். கம்பெனி அதை ரகசியமாகப் பூட்டி வைத்துவிட்டது. 60-களில் போட்டிக் கம்பெனியான ரெனோவில் பியர் பெசியே தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்து, வெளியே எழுதினார். பெயர் அவருக்குப் போயிற்று. இன்றைக்கும் பெசியே வளைவு என்றுதான் சொல்கிறோம். முதலில் கண்டவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆபீஸிலும் நிறைய உதாரணம் உண்டு, வேண்டாம்.

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம், பி.காம்காரனுக்கே புரிந்தது. ஒரு வளைவுக்கு நாலு புள்ளி. நாலு பேர் பார்ட்னர்ஷிப்பில் கடை வைத்த மாதிரி. வளைவின் நட்டநடுப் புள்ளி எங்கே விழும்? நாலு பேருக்கும் 1:3:3:1 என்று பங்கு பிரியுங்கள். முதல் புள்ளிக்கு எட்டில் 1, நடு ரெண்டுக்கும் எட்டில் மும்மூன்று, கடைசிப் புள்ளிக்கு எட்டில் 1. அந்தச் சராசரிதான் இடம். தொடக்கத்தில் பங்கு முழுவதும் முதல் ஆளுக்கு, போகப் போக மாறி, முடிவில் மொத்தமும் கடைசி ஆளுக்கு. நடுவில் இருக்கிற ரெண்டு பேரும் கோட்டைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள், ஆனால் கோடு பொதுவாக அவர்களைத் தொடாமலே போய்விடும்.

இதைப் படித்ததும் கொசுவத்தி சுத்தத் தொடங்கிவிட்டது. மார்கழிக் காலையில் அம்மா போடும் சிக்குக்கோலம்! புள்ளி வைத்து, புள்ளியைத் தொடாமல், புள்ளியைச் சுற்றிச் சுற்றி நெளிந்து, தொடங்கின இடத்திலேயே வந்து சேருகிற கோடு. ரெண்டும் ஒரே கணக்கு என்று சொல்லமாட்டேன். புள்ளிக்கு வேலை கொடுத்துவிட்டு, கோட்டை நழுவ விடுகிற புத்தி ஒன்றுதான். இது எனக்கு மட்டும் தோன்றியதும் இல்லை. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் சேர்ந்து கோலங்களை இலக்கண விதிகளாக்கிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று 1974-இல் ஒரு கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஆய்விதழில் கட்டுரையே எழுதிவிட்டார்கள். இல்லஸ்ட்ரேட்டர் பிறக்கப் பதின்மூன்று வருஷம் முன்னால்! மகளிடம் சொன்னேன், "பாட்டி போடறது கம்ப்யூட்டர் சயின்ஸா?" என்று சிரித்தாள். ஆனால் அன்று ராத்திரி நோட்டில் புள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெண்டாவது தடவை உட்கார்ந்தோம். முதல் வேலையாக நீலச் செவ்வகத்தை அழித்தேன். ஒரே ஒரு கோடு, நாலு நாலு புள்ளியாக, மூன்று மேடு. எல்லா மேடும் ஒரே உயரமாக இருக்கக் கூடாது. ஒன்று மெதுவாக ஏறிச் சட்டென்று இறங்க வேண்டும், இன்னொன்று படுத்துக் கிடக்க வேண்டும். அதை மேலே, தூரத்துக் கரையோரமாக வைத்தேன். அதே மாதிரி இன்னொன்று, கொஞ்சம் பெரிதாக, கீழே நமக்குப் பக்கத்தில். ரெண்டுக்கும் நடுவே இடைக்கோடுகளை மென்பொருளே போட்டுக் கொடுக்கும் (எக்ஸ்டென்ஷன் பட்டியலில் இன்டர்போலேட் என்று இருக்கும்). பன்னிரண்டு கேட்டேன். போட்டது. கூரையில் தகரம் வேய்ந்த மாதிரி இருந்தது! காரணம், எல்லாம் சம இடைவெளி. நிஜத் தண்ணீரில் தூரத்து அலைகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும், பக்கத்து அலைகள் விலகி நிற்கும். அங்கே எக்ஸ்போனன்ட் என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் எண்ணை மாற்ற மாற்ற இடைவெளி கூடிக்கொண்டே போகும். கூட்டு வட்டி! ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது, போகப் போக அகலமாகிவிடும். அதை மாற்றியதும் தகரம் படுத்துத் தண்ணீரானது.

மினுமினுப்புக்கு ரெண்டு வட்டம் போதும். ஒன்றன்மேல் ஒன்று பாதி படிகிற மாதிரி வைத்து, பொதுவாக இருக்கிற நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் கண் வடிவத்தில் ஒரு துண்டு கிடைக்கும். அதை நசுக்கித் தட்டையாக்கி அங்கங்கே தூவினால் வெளிச்சம் பட்ட அலை. ஆடிக் காவிரியில் சுழல் இல்லாமல் எப்படி? சுருள் வரைய ஒரு கருவி இருக்கிறது, ஜாங்கிரி மாதிரி வரும். அதை மேலிருந்து அமுக்கினால் சுழல்.

இங்கே ஒரு தப்பு செய்தோம். நேரம் மிச்சம் என்று மகள் ஒரே துண்டை நாற்பது குளோன் எடுத்து இறைத்துவிட்டாள். குளோன் என்பது பழைய ஐடியா, 1963-இல் ஐவன் சதர்லண்ட் ஸ்கெட்ச்பேட் என்று முதன்முதலில் திரையில் படம் வரைகிற நிரல் எழுதினபோதே இருந்தது. மூலத்தை மாற்றினால் எல்லாப் பிரதியும் மாறும், தலைமை அலுவலகம் வட்டியை மாற்றினால் எல்லாக் கிளையிலும் மாறுகிற மாதிரி. வசதிதான். ஆனால் படம் பாத்ரூம் டைல்ஸ் மாதிரி ஆகிவிட்டது. மட்டாஞ்சேரியில் அரண்மனைக்குப் பக்கத்திலேயே, 1568-இல் கட்டிய பரதேசி சினகாக்கையும் அன்று பார்த்திருந்தோம். அதன் தரையில் 18-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த ஓடுகள். மாதிரி ஒன்றேதான், ஆனால் ஒவ்வொன்றும் கையால் வரைந்தது, அதனால் ஒன்றைப் போல் ஒன்று இராது. அங்கே குனிந்து வித்தியாசம் தேடிக்கொண்டிருந்தவள் இவள்தான். ஞாபகப்படுத்தினேன். முனகிக்கொண்டே நாற்பதையும் பிரித்து, ஒன்றை நீட்டி, ஒன்றைச் சாய்த்து, ஒன்றை மங்கலாக்கி, ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள்.

கடைசியாக நிறம். "புதுத் தண்ணி வந்தா என்ன கலர்ல இருக்கும்?" என்று அவளே பாட்டிக்குப் போன் போட்டாள். அரை மணி நேரம் பேசினார்கள். செம்மண் கரைந்து டீ மாதிரி வரும், முன்னால் நுரையும் சருகும் குச்சியும் தள்ளிக்கொண்டு வரும், மணல் முதலில் குடிக்கும், சின்ன வயதில் நாங்கள் அதன் கூடவே ஓடுவோம்... எனக்கே அம்மா இதையெல்லாம் சொன்னதில்லை. அடியில் கரும்பழுப்பு, மேலே காவி, வெளிச்சத் துண்டுக்கு வெளிர் மஞ்சள். மூன்றே நிறம், பஞ்சவர்ணத்துக்கும் ரெண்டு குறைச்சல்.

அனுப்பினோம். அம்மா ரொம்ப நேரம் பதில் போடவில்லை. பிறகு போன் வந்தது. "தண்ணி சரி. படித்துறைல ஏன் இத்தனை படி தெரியுது? ஆடியில மேல் மூணு படிதான் வெளியில இருக்கும்." கீழ்ப் படிகளை எல்லாம் அழித்துவிட்டுத் தண்ணீரை மேலே ஏற்றினாள் மகள்.

அச்சுக்குக் கொடுக்கப் போனபோது கடைக்கார சேட்டன் திரையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். "சாரே, வெள்ளம் நீலமாக்கட்டே?" மலையாளத்தில் வெள்ளம் என்றால் சாதாரணத் தண்ணீர். மகள் முந்திக்கொண்டு, "வேண்டா சேட்டா, இது தமிழ் வெள்ளமாணு" என்றாள். அவருக்குப் புரிந்ததோ என்னமோ, நூறு பிரதி அடித்துக் கொடுத்துவிட்டார்.